கால்புள்ளியா, முற்றுப்புள்ளியா

ஸ்கேன் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேரிடமும் வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகும்படி நம் டாக்டர் மேடம் சொல்லி அனுப்பினார். எனக்குப் பேச வராது. அதிலும் மைக் என்றால் உள்ளங்கை வியர்த்துவிடும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையே எழுதிக் கொடுத்தால், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதற்குள் இருக்கும் என்று பட்டது. அதனால்தான் இந்தத் தாள்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். தொண்ணூறுகளில் நம் ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டராகச் சேர்ந்தேன். தினமும் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கத்துக்கு பஸ். இரண்டாயிரத்துக்குப் பிறகு கதிர்வீச்சு மருந்தை ஊசியில் போட்டுப் படம் எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் பிரிவு தொடங்கியபோது, அங்கே வேலை செய்யப் பலரும் பயந்தார்கள். குழந்தை பிறக்காது, முடி கொட்டிவிடும் என்றெல்லாம் பேச்சு. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். முடியும் அதற்கு முன்பே கொட்டிவிட்டது. என்னைப் போட்டார்கள். மூட்டு வலியால் சென்ற வருடம் வேலையை விடும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

நோயாளியின் விவரங்களைத் தமிழில் கேட்டு ஃபாரத்தில் எழுதுவது, மேஜையில் படுக்க வைப்பது, தலையை அணையில் பொருத்திப் பட்டை கட்டுவது, பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. இவ்வளவுதான் என் வேலை. இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது.

மூளைப் பரிசோதனை வந்த புதிதில், அது என்ன என்று மேடத்திடம் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. டீ குடிக்கும்போது ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

"கேளம்பாக்கம் ஸ்டாண்டுல ஷேர் ஆட்டோ நிக்குமில்ல? ஆளை விட்டுட்டு சீட்டை மட்டும் எண்ணினா எப்படி இருக்கும்? அதைத்தான் மூளைக்குள்ள பண்றோம்."

மூளையில் டோபமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. கையை நீட்ட நினைத்தால் கை நீளுவதற்கு அது வேண்டும். அதை அனுப்பும் நரம்பு முனையிலேயே, அனுப்பியதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் இடங்கள் உண்டு. பார்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தால் அந்த நரம்புகள் அழியும், அந்த இடங்களும் அவற்றோடு போகும். நாம் ஊசியில் போடும் மருந்து அந்த இடங்களைத் தேடிப் போய் உட்காரும். உட்கார்ந்த இடத்திலிருந்து வரும் கதிரைக் கேமரா பிடிக்கும். நல்ல மூளை என்றால் படத்தில் இரண்டு கால்புள்ளிகள் பளிச்சென்று தெரியும். நோய் என்றால் வால் தேய்ந்து இரண்டு முற்றுப்புள்ளிகள். அந்த வெளிச்சத்தை, இந்த இடங்கள் இல்லாத தலையின் பின்பக்கத்து வெளிச்சத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு குறைவு என்று கணக்கும் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு என் டீ ஆறிப்போனது. வீட்டு நம்பர் கையில் இருந்தும் கோவளத்தில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க நான் மூன்று பேரிடம் வழி கேட்டிருக்கிறேன். பார்வைக்குத் தண்ணீர் போல இருக்கும் ஒரு சொட்டு மருந்து, கையின் நரம்பில் ஏறி, இதயம் வழியாக உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில் மூளையின் நடுவில் ஒரு சுண்டைக்காய் அளவு இடத்தை அடையாளம் கண்டு உட்காருகிறது. யார் அதற்கு விலாசம் சொன்னார்கள்? அதன் பிறகு ஊசி வரும் ஈயப் பெட்டியைத் தொடும்போதெல்லாம் என் கை தானாகவே மெதுவாகிவிடும்.

அந்தோணியம்மா வந்தது இப்படி ஒரு நாளில்தான். கோவளத்தில் சாலையோரம் மீன் வெட்டிக் கொடுப்பவர், என் வயதுதான் இருக்கும். இரண்டு கையும் நடுங்கின. முகத்தில் அசைவே இல்லை, ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. கூட மருமகள் ஸ்டெல்லா. நரம்பு டாக்டர் நடுக்குவாதம் என்று சந்தேகப்பட்டு, உறுதிப்படுத்த நம்மிடம் அனுப்பியிருந்தார். உறுதியானால் வாழ்நாள் முழுக்க மருந்து.

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கை எப்பலருந்து ஆடுதுக்கா?"

"ஒரு வருசம் இருக்கும். வெரல பாரு." இடது கையை நீட்டினார். நாலு விரலிலும் தழும்பு. "மீன வுட்டுட்டு என்னயே வெட்டிகினு கீறேன். வர்றவங்கல்லாம் ரத்தத்த பாத்துட்டு பக்கத்துக் கடைக்குப் பூட்றாங்க."

"வர்ற ஞாயித்துக்கெழம கடை எடத்த சின்ன மாமியாருக்கு வுட்டுக் குடுக்கறதா பேச்சு" என்றார் ஸ்டெல்லா. "வாதம்தான்னு ஆயிட்டா வேற வழியில்ல. இல்லன்னா இவங்க வுட மாட்டாங்க."

"நா ஏன்டி வுடணும்? இருவது வருசமா குந்தின எடம்."

"மாத்திர எதுனா சாப்பிடுறீங்களாக்கா?"

"ஒரு மாத்திரயும் கெடையாது. மாத்திர துன்ன நா இன்னா நோயாளியா?"

இல்லை என்று எழுதிக்கொண்டேன். அதுதான் அன்றைக்கு என் முதல் தவறு. அப்போது அது எனக்குத் தெரியாது.

காலையிலேயே ஊசி போட்டாகிவிட்டது. மருந்து போய் உட்கார நாலு மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருந்து, அந்தோணியம்மாவைப் படுக்க வைத்துத் தலையைப் பொருத்தினேன். கேமராவின் இரண்டு பெரிய தட்டுகளும் காதை உரசுகிற மாதிரி நெருங்கி வந்து சுற்றத் தொடங்கும். நாற்பது நிமிடம் தலை அசையக் கூடாது. நெற்றியில் கட்டும் பட்டை அசைவைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. அங்கே எழுதி ஒட்டியிருந்ததை அப்படியே சொன்னேன்: "அசையக் கூடாது, பேசக் கூடாது."

டெக்னீஷியன் பாஸ்கர் அண்ணன் கேமராவைத் தொடங்கி வைத்துவிட்டு, அடுத்த நோயாளியின் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது என்று கூப்பிட்டதால் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும். பாதி நேரம் தாண்டியிருக்கும். உள்ளே அந்தோணியம்மாவின் கை, மார்பின் மேல் போர்த்திய துணிக்கு அடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிருகிறதோ, பயமோ என்று மனசு கேட்கவில்லை. மைக்கை அழுத்தி, "அக்கா, சௌகரியமா இருக்கா?" என்று கேட்டேன்.

அந்தோணியம்மா நன்றாகத் தலையாட்டினார். மேலும் கீழும் ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம். பிறகு பழையபடி படுத்துக்கொண்டார். தலை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

 பாஸ்கர் அண்ணன் திரும்பி வந்தார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மைக்கைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. என் வேலையும் அப்போது நிரந்தரமாகவில்லை. கொஞ்சம்தானே அசைந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்கேன் முடிந்தது. நாளைக்கு நரம்பு டாக்டரிடம் போனால் முடிவு சொல்வார் என்று அனுப்பி வைத்தோம். இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

மேடம் திரையின் முன் உட்கார்ந்தார். படம் எழும்பி வந்தது. இரண்டு மங்கலான உருண்டைகள். வலப்பக்கம் கொஞ்சம் பெரிது, இடப்பக்கம் சிறிது. வால் எதுவும் இல்லை.

"வால் போயிருச்சு" என்றார் மேடம். "ரெண்டு பக்கமும் முற்றுப்புள்ளிதான். பாவம்." பேனாவை எடுத்தார்.

இப்படிப்பட்ட நேரங்கள் உங்களுக்கும் வரும். அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்போது எனக்குத் தைரியம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பேனாதான் பயமாக இருந்தது. அந்த உருண்டைகள் ஒருவேளை மூளையே இல்லையோ, நான் கேட்ட கேள்விக்குத் தலையாட்டி வந்த பதில் மட்டும்தானோ. அதை ஒரு மனுஷியின் மூளை என்று எழுதப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள்.

"மேடம், அவங்க தலையாட்டினாங்க" என்றேன். பேனா நிற்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "நான்தான் மைக்ல கேட்டேன். சௌகரியமான்னு."

பாஸ்கர் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். கேமரா எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அன்று அவசரத்தில் அவர் அதைப் பார்க்கவில்லை. மேடம் இப்போது ஓட்டினார். கேமரா சுற்றிய வாக்கில் திரையில் தலை அமைதியாகச் சுற்றிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு இடத்தில், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி, துள்ளித் திரும்பியது. அதற்குப் பிறகு அது வேறு இடத்தில் இருந்தது. மேடம் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"மருந்து இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அடுத்த மருந்து வர்றதுக்கு வாரக்கணக்காகும், அதுவரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க. பாஸ்கர், அடுத்தவரை இப்பவே ஏத்துங்க. அவர் இறங்கறதுக்குள்ள அந்தம்மா இங்க இருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஓடுங்க" என்றார்.

நான் ஓடினேன். அந்த வெயிலில், அந்தப் புடவையில், இந்த மூட்டுகளோடு.

கோவளம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று இடமில்லாமல் போய்விட்டது போலும். இருவரும் நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். "அக்கா! அக்கா!" என்று நான் கத்தியதில் ஸ்டாப்பில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். வாழ்க்கையில் நான் சாலையில் கத்தியது அன்று மட்டும்தான்.

"இன்னாம்மா, எதுனா வுட்டுட்டு வந்துட்டனா?" என்றார் அந்தோணியம்மா.

"இல்லக்கா. படம் கெட்டுப்போச்சு. என்னாலதான். மறுபடியும் படுக்கணும்."

"ஒன்னாலயா? நீ இன்னா பண்ண?"

"நடுவுல உங்கள கேட்டேன்ல, சௌகரியமான்னு. நீங்க தலையாட்டிட்டீங்க."

"நல்லா கீதே. மரியாதியா ஒருத்தி கேட்டா பதில் சொல்ல வாணாமா?"

"வாயால சொல்றது தானே அத்த" என்றார் ஸ்டெல்லா. "மத்த நேரத்துல மூடவே மூடாது."

"பேசக் கூடாதுன்னு இவதான்டி சொன்னா! அதான் தலய ஆட்டுனேன்."

அவர் சொன்னது சரி. அசையக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கேள்வியும் கேட்டால் மனுஷர் என்னதான் செய்வார்? நம் ஊரில் கேள்வி காதில் விழுந்ததும் வாய்க்கு முன்னால் தலைதான் பதில் சொல்லும்.

"மறுபடியும் நாப்பது நிமிசமா? பேஜாரா பூடுச்சே" என்று முனகிக்கொண்டே, அந்தோணியம்மா இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையைத் திறந்தார். "இரு. காலைல துன்ன நாஸ்தா நெஞ்சுலயே நின்னுகினு கீது." ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து, நடுங்கும் விரலால் பிதுக்கி, ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

நான் அந்தப் பட்டையைக் காட்டிக் கேட்டேன்.

"அது என்னக்கா?"

"கேஸு."

"மாத்திரயே இல்லன்னீங்களே. நான் அப்படித்தானே எழுதினேன்?"

"இது மாத்திரயா? கேஸும்மா. மெடிக்கல்ல போய் கேஸுன்னா குடுப்பான்."

"எத்தன நாளா சாப்பிடுறீங்க?"

"இவ வந்து சமைக்க ஆரம்பிச்சதுலருந்து."

"ரெண்டு வருசம்" என்றார் ஸ்டெல்லா. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பழி மட்டும் என் கொழம்பு மேல."

அது என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியாது, பட்டையில் இருந்த ஆங்கிலமும் புரியவில்லை. ஃபாரத்தில் நான் எழுதியது பொய் என்பது மட்டும் புரிந்தது. பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று பேரும் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் மாமியாரும் மருமகளும் குழம்பைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

மேடம் பட்டையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். அவர் புருவம் உயர்ந்ததைப் பார்த்தேன். பட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"முதல்ல படம்" என்றார். "இதை மனசுல வச்சுக்கிட்டு படத்தைப் பாத்தா, நான் ஆசைப்படறதுதான் படத்துல தெரியும்."

இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்தேன் என்று சொல்லலாம்.

இந்த முறை படுக்க வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டு எவ்வளவு அருகில் வரும், எந்தப் பக்கம் சுற்றும், நடுவில் கர்ரென்று சத்தம் கேட்கும். "நான் இனிமே ஒண்ணுமே கேக்க மாட்டேன்க்கா. நேரத்த மட்டும் சொல்லுவேன். அதுக்கு நீங்க பதிலே சொல்ல வேணாம். முடியலன்னா மட்டும் கட்டை விரல தூக்குங்க. கால் கட்டை விரல."

"கால் வெரலா? நல்லா கீது ஒன் ஆஸ்பத்திரி."

மேடம் தாமே மைக்கை என் முன்னால் நகர்த்தி வைத்தார். "நீங்களே சொல்லுங்க. உங்க குரல்தான் அவங்களுக்குப் பழக்கம்." என் கை வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுத்தினேன். "பத்து நிமிசம் முடிஞ்சிது." கொஞ்ச நேரம் கழித்து, "பாதி முடிஞ்சிது." கண்ணாடிக்கு அப்பால் கை நடுங்கியது. தலை கல்லைப் போல நின்றது. கண் அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. "இன்னும் அஞ்சு நிமிசம்தான்."  கால் கட்டை விரல் ஒரு முறையும் எழவில்லை.

பாஸ்கர் அண்ணன் இந்த முறை முதலில் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டினார். துள்ளல் இல்லை. பிறகு கணினி படத்தைக் கட்டத் தொடங்கியது.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கருப்புக்குள்ளிருந்து முதலில் ஒரு மங்கல் வந்தது. பிறகு இரண்டு வெளிச்சங்கள் மெல்லப் பிரிந்தன. ஒவ்வொன்றும் பின்பக்கமாக நீண்டு, வளைந்து, கடைசியில் வாலோடு நின்றன. அச்சில் அடித்த மாதிரி இரண்டு கால்புள்ளிகள். வெளியே உட்கார்ந்து மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிற மனுஷியின் உள்ளே, அவருக்கே தெரியாமல், இப்படி ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அதை நாங்கள் மூன்று பேர் நின்று பார்த்தோம்.  கோயிலில் திரை விலகும்போது பார்ப்பது போல. கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். குறைவே இல்லை.

மேடம் அப்போதுதான் பட்டையை வெளியே எடுத்தார்.

"சீட்டெல்லாம் அப்படியே இருக்கு. நரம்பு நல்லா இருக்கு, டோபமினும் கிளம்புது. ஆனா அது போய் இறங்க வேண்டிய அந்தப் பக்கத்து இடத்துல இந்த மாத்திரை முன்னாடியே போய் உட்கார்ந்துக்கிச்சு. அதான் கை நடுங்குது. பாக்கறதுக்கு அச்சு அசல் நடுக்குவாதம்." நரம்பு டாக்டருக்கு உடனே போன் போட்டார்.

அந்தோணியம்மாவை உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினோம். "இதுவா என் மூள? இத்துணூண்டா கீது?" என்றார். மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்வார், நடுக்கம் குறைய மாசக்கணக்கில் ஆகும், முழுவதும் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்று மேடம் நிதானமாக விளக்கினார். அந்தோணியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கெழம நா எடத்த வுடணுமா?"

"வேண்டாம்" என்றார் மேடம். "ஆனா கை நிக்கற வரைக்கும் அருவாமனை முன்னாடி நீங்க உட்காரக் கூடாது."

"அப்ப இவ குந்தட்டும்" என்று மருமகளைக் காட்டினார். "சமைக்கத்தான் தெரியல, வெட்டவாச்சும் கத்துக்கட்டும்."

ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தார்.

இதில் உங்களுக்கு வேலைக்கு உதவுவது இரண்டு விஷயம்தான். மேஜையில் படுத்திருப்பவரிடம் கேள்வி கேட்காதீர்கள், செய்தி சொல்லுங்கள். ஃபாரம் எழுதும்போது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கேஸுக்கு என்ன போடுகிறீர்கள், தலைசுற்றலுக்கு என்ன, வாந்திக்கு என்ன, தூக்கத்துக்கு என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேடம் மறுநாளே ஃபாரத்தை அப்படி மாற்றினார். இப்போது நீங்கள் எழுதுவது அந்த ஃபாரம்தான். மைக்கைத் தொட்டதற்கு எனக்கு ஒரு மெமோவும் வந்தது. அதுவும் நியாயம்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் போயிருந்தேன். மீன் வாங்கத்தான் போனேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். சாலையோரம் குடைக்குக் கீழே நல்ல கூட்டம். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டேன். நடுவில் அந்தோணியம்மா உட்கார்ந்திருந்தார். காலால் அரிவாள்மனையை அழுத்திக்கொண்டு, ஒரு பெரிய வஞ்சிரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். துண்டுகள் ஒரே கனத்தில் ஒவ்வொன்றாக விழுந்தன. இடது கட்டை விரலில் மட்டும் இன்னும் லேசான துடிப்பு இருந்தது. அந்த விரல் ஒவ்வொரு முறையும் அரிவாளுக்கு ஒரு நூல் தள்ளியே போனது.

கை நீள வேண்டும் என்று நினைக்கிறார், நீளுகிறது. நிற்க வேண்டும் என்று நினைக்கிறார், நிற்கிறது. உள்ளே எத்தனை கோடி முறை ஏதோ ஒன்று கிளம்பிப் போய் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்? சுற்றி நிற்பவர்கள் செதில் போயிற்றா, துண்டு பெரிதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் வாங்கிக்கொண்டு போக, நான் எப்படியோ முன்வரிசைக்கு வந்திருந்தேன். கையில் பை இருந்தது. அதை நீட்டத் தோன்றவில்லை.

அந்தோணியம்மா நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டே அடுத்த மீனை எடுத்தார்.

"இன்னாம்மா, நின்னுகினே கீற? மீன் வாங்க வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?"

"வேடிக்கைதான்" என்றேன்.